ஓசையில்லாப் படிகள்



கிதாபும் கரும்பலகையுமாகக் காலம் கழிக்கும் ஒருவன், இம்மாதம் உளியையும் கொட்டாப்புளியையும் எடுத்துக்கொண்டு உங்கள் முன் வந்து நிற்பதைக் கண்டு நீங்கள் புன்னகை புரியக்கூடும். வீட்டு மாடிப்படியைப் பற்றி எழுதப் போகிறேன். அதிலும் மரப்படியைப் பற்றி. அதிலும் அது எழுப்பும் ஓசையைப் பற்றி. இதற்கும் தீனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்போர் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

நம் கடலோர ஊர்களின் பழைய வீடுகள் பலவற்றில் மாடிக்குச் செல்லும் மரப்படி, வீட்டின் உட்பகுதியில் ஒரு சுவரை ஒட்டிச் செங்குத்தாக ஏறும். அதன் அடியில் அரிசிப் பானையும் பழைய பெட்டிகளும் இருக்கும். அருகிலேயே ஒரு சிற்றறை இருக்கும். படியேற இயலாத முதுமை வந்துவிட்டால் வீட்டுப் பெரியவர்களுக்கு அங்கேதான் கட்டில் போடப்படும். எங்கள் வீடும் அவ்வாறே. பாட்டனார் காலத்தில் பர்மாத் தேக்கில் செய்த படிக்கட்டு. மொத்தம் 13 படிகள். அதை ஒட்டிய அறையில்தான் என் உம்மா படுத்திருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தேன். இரத்த அழுத்தம் ஏறியிருப்பதைக் கண்ட அவர், "இரவில் நன்றாக உறங்குகிறீர்களா, அம்மா?" என்று வினவினார். உம்மா என்னை ஒரு முறை பார்த்தார்கள். பின்னர் தலையைக் குனிந்துகொண்டு, "படி சத்தம் போடும் வரைக்கும் உறங்குவேன்" என்றார்கள்.

வீடு திரும்பும் வழியில் மெல்ல மெல்ல விவரம் வெளிவந்தது. நள்ளிரவு கடந்து பேரன் வேலை முடிந்து வந்து ஏறும்போது ஏழாம் படி அலறுமாம். அந்த விழிப்புக்குப் பின் ஒருவாறு கண்ணயரும் வேளையில், தஹஜ்ஜுத் தொழுகைக்கு வுளூச் செய்ய நான் இறங்குவேன். அப்போது நான்காம் படியும் மூன்றாம் படியும் ஒன்றன்பின் ஒன்றாக முனகும். "அதற்குப் பிறகு பாங்கு சொல்லும் வரை விழித்தே கிடப்பேன், வாப்பா. நீ தொழத்தானே இறங்குகிறாய்? அதைப் போய் எப்படிச் சொல்வது?"

எட்டு ஆண்டுகளாக இவ்வாறு நடந்திருக்கிறது. கடமையாக்கப்படாத, நபிலான ஒரு வணக்கத்திற்காக எழுந்த நான், கடமையாக்கப்பட்ட ஒன்றை, அதாவது பெற்ற தாயின் நலத்தை, ஒவ்வோர் இரவும் மிதித்துக்கொண்டே இறங்கியிருக்கிறேன். அன்றிரவு மாடியிலேயே ஒரு குடத்தில் நீர் வைத்துக்கொண்டு வுளூச் செய்தேன். ஆனால் எத்தனை நாள்கள் அப்படிச் செய்ய முடியும்?

அப்போது என் நினைவுக்கு வந்தவர் அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) அவர்கள். கி.பி. 622இல் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்து சேர்ந்தபோது தங்கியது இவர்களுடைய வீட்டில்தான். அது மேல்தளம் உள்ள வீடு. பார்க்க வருவோருக்கு வசதியாக இருக்கும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கீழ்த்தளத்தையே விரும்பினார்கள். ஆனால் இரவில் விழித்த அபூ அய்யூபுக்கு, 'அல்லாஹ்வின் தூதருடைய தலைக்கு மேல் நாம் நடக்கிறோமே' என்ற எண்ணம் வந்துவிட்டது. கணவனும் மனைவியும் ஓர் ஓரமாக ஒதுங்கி அவ்விரவைக் கழித்தார்கள். மற்றொரு நாள் தண்ணீர்ச் சாடி ஒன்று உடைந்து போக, கீழே சொட்டிவிடுமே என்று அஞ்சி, தங்களிடம் இருந்த ஒரே போர்வையால் அந்நீரை ஒற்றி எடுத்தார்கள். இறுதியில் பெருமானார் (ஸல்) அவர்களையே மேல்தளத்திற்கு மாறும்படி வேண்டி, தாங்கள் கீழே இறங்கி வந்த பிறகுதான் அவர்கள் உள்ளம் அமைதியுற்றது. மாடியில் வாழ்பவர் கீழே படுத்திருப்பவரை நினைத்து நடக்க வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சியை விடத் தெளிவாக எனக்கு வேறெதுவும் கற்பித்ததில்லை. இதைப் பலமுறை மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுப் படியை மட்டும் நினைத்துப் பார்த்ததில்லை.

படிக்கட்டை உடைத்தெறிந்துவிட்டுக் காங்கிரீட்டில் கட்டிவிடலாம் என்று வீட்டில் ஒரு யோசனை எழுந்தது. பழைய சுண்ணாம்புச் சுவர் புதிய காங்கிரீட்டின் பாரத்தைத் தாங்குமா என்பது ஒரு கவலை. செலவு மற்றொரு கவலை. எதற்கும் ஒரு வார்த்தை கேட்போம் என்று ஊரின் முதிய ஆசாரியார் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் படியின் அடியில் இருந்த பானைகளை நகர்த்தச் சொல்லி, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே புகுந்து, நெடுநேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "அசரத்து, மரத்துக்கு ஒரு குறையும் இல்லை. மரம் தானாக ஒருநாளும் சத்தம் போடாது. மரத்தோடு மரம் உரசினால்தான் போடும். உரசாமல் பண்ணிவிட்டால் தீர்ந்தது" என்றார். மூன்று நாள் வேலை என்றும் சொன்னார்.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் இத்தொழிலின் பாதி அடங்கியிருக்கிறது. மரப்படிக்கட்டில் மூன்று உறுப்புகள் உண்டு. கால் வைக்கும் மிதிபலகை. அதன்கீழ் முகம் காட்டி நிற்கும் முகப்புப் பலகை. இவ்விரண்டையும் இருபுறமும் தாங்கிச் சாய்வாக ஏறும் பக்கச் சட்டங்கள். சட்டங்களின் உட்புறத்தில் அரை அங்குல ஆழத்திற்குக் காடி வெட்டி, பலகைகளை அதற்குள் செருகி, அடியிலிருந்து ஆப்பு அடித்து இறுக்கியிருப்பார்கள். மழைக்காலத்தில் மரம் காற்றின் ஈரத்தை உண்டு பருக்கும். கோடையில் அதை விட்டுச் சுருங்கும். நீளவாட்டில் இது ஏறக்குறைய நிகழ்வதில்லை, அகலவாட்டில்தான் நிகழும். பல்லாண்டுகள் இப்படிப் பருத்துச் சுருங்கியதில் ஆப்புகள் தளர்கின்றன. மிதிபலகைக்கும் முகப்புப் பலகைக்கும் இடையே ஒரு மயிரிழை இடைவெளி விழுகிறது. கால் வைத்ததும் பலகை தாழ்ந்து உரசுகிறது. எடுத்ததும் எழுந்து உரசுகிறது. ஆணி அடித்திருந்தால் அந்த ஆணியும் தன் துளைக்குள் ஏறி இறங்கிக் கீச்சிடும்.

ஆகவே முதல் வேலை நோயின் இடத்தைக் கண்டறிவது. வீடு அடங்கிய பின் ஒருவர் மெல்ல ஏற வேண்டும். மற்றொருவர் அடியில் இருந்து செவி கொடுத்து, ஓசை எழும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் குறியிட வேண்டும். ஒவ்வொரு படியிலும் இடம், வலம், நடு, முன் விளிம்பு, பின் விளிம்பு என்று ஐந்து இடங்களில் மிதித்துப் பார்ப்பது நலம். எங்கள் வீட்டில் 13இல் 9 படிகளில் குறி விழுந்தது. உம்மா தம் கட்டிலிலிருந்தபடியே, "ஏழில் வலப்பக்கம்" என்று திருத்தம் சொன்னார்கள். ஆசாரியார் மிதித்துப் பார்த்தார், வலப்பக்கமேதான்.

அடிப்புறம் திறந்திருந்தால் வைத்தியம் எளிது. தளர்ந்த ஆப்புகளைக் கழற்றி, காடியில் படிந்த பழைய பசையையும் தூசியையும் உளியால் சுரண்டி, நன்கு உலர்ந்த தேக்கில் புதிய ஆப்புகள் சீவி, மரப்பசை தடவி அடிக்க வேண்டும். அடிப்பதிலும் அளவு உண்டு. வேகமாக அடித்தால் சட்டமே பிளந்துவிடும். பிறகு, மிதிபலகையும் முகப்புப் பலகையும் சந்திக்கும் உள்மூலையில் ஒரு சாண் நீள முக்கோணக் கட்டைகளைப் பசையிட்டு ஒட்டித் திருகாணியால் முடுக்க வேண்டும். மூன்றடி அகலப் படிக்கு இரண்டு கட்டைகள் போதும். நாங்கள் மூன்று வைத்தோம். பசை இறுகும் வரை ஒருநாள் முழுவதும் யாரும் ஏறக்கூடாது. இதைச் சிறுவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதுதான் மூன்று நாள் வேலையில் மிகக் கடினமான பகுதியாக இருந்தது.

ஆணி வேண்டாம், திருகாணியே வேண்டும் என்பதில் ஆசாரியார் உறுதியாக இருந்தார். ஆணி நாளடைவில் இளகும். திருகாணி பலகையை இழுத்துப் பிடிக்கும். முதலில் மெல்லிய துளையிட்டு, திருகாணியில் சிறிது சோப்பு தடவி முடுக்கினால் மரம் வெடிக்காது. கடற்காற்று வீசும் ஊர்களில் வெறும் இரும்பு ஆகாது. உப்புக்காற்றில் அது துருவேறித் தளர்ந்து, தேக்கிலும் கருங்கறையை ஏற்றிவிடும். பித்தளையோ துருவேறா எஃகோ வாங்குங்கள். சில நூறு ரூபாய் கூடுதலாகும்; அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அடிப்புறத்தைப் பலகை கொண்டு மூடிவிட்ட வீடுகளில் மேலிருந்துதான் முடுக்க வேண்டும். மிதிபலகையில் முதலில் சற்று அகன்ற பள்ளம் குடைந்து, திருகாணியின் தலையை அதற்குள் இறக்கி, அதே மரத்தில் சீவிய சிறு முளையால் பள்ளத்தை மூடி இழைத்துவிட்டால் அடையாளம் தெரியாது. வாடகை வீட்டில் இருப்போர், வீட்டுக்காரர் இசைவு தரும் வரை, ஓசை எழும் இடுக்கில் முகப்பவுடரைத் தூவித் தூரிகையால் உள்ளே தள்ளலாம். சில வாரங்களுக்கு அமைதி கிடைக்கும். எண்ணெய் மட்டும் ஊற்ற வேண்டாம். இரண்டு நாள் அடங்கியிருந்து மீண்டும் கத்தும். பின்னர் எந்தப் பசையும் அவ்விடத்தில் ஒட்டாது. நானே ஒருமுறை தேங்காயெண்ணெய் ஊற்றியவன். அந்தக் குற்றத்தை ஆசாரியார் முகர்ந்தே கண்டுபிடித்துவிட்டார்.

ஓசையை விட்டு, ஆபத்துக்கு வருகிறேன். இது எங்கள் வீட்டில் இரத்தம் சிந்திக் கற்ற பாடம். மூன்று ஆண்டுகளுக்கு முன் கூடத்திற்கு ஓடு பதித்தோம். கலவையும் ஓடுமாகத் தரை இரண்டு அங்குலம் உயர்ந்தது. எல்லாப் படிகளும் ஒன்பது அங்குல உயரம். முதற்படி மட்டும் ஏழாகிவிட்டது. யாரும் இதைக் கவனிக்கவில்லை. இருபது ஆண்டு ஏறி இறங்கிய பழக்கத்தில் என் ராத்தா ஒரு மாலை இறங்கி வந்தவர்கள், தரை இன்னும் கீழே இருக்கிறது என்று எண்ணிக் காலை ஊன்ற, தரை முன்னதாகவே வந்து மோத, நிலைகுலைந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கண் பார்க்கும் முன்பே கால் கணக்கிட்டு விடுகிறது. இரண்டு மூன்று படிகளிலேயே அது உயரத்தை மனனம் செய்துவிடுகிறது. ஒரு படி மாறினாலும் அந்தக் கணக்கு பொய்க்கும். படிக்கட்டு முழுவதையும் இரண்டு அங்குலம் தூக்கி வைத்துவிடலாமே என்றேன். "அப்போது குறை உச்சிப்படிக்குப் போய்விடும், அசரத்து. கீழ்ப்படியில் விழுந்தால் கை முறியும், மேல்படியில் விழுந்தால்?" என்று ஆசாரியார் கேட்டார். ஓட்டைப் பெயர்க்கவும் மனம் வரவில்லை. முதற்படியின் விளிம்பில் வெண்ணிறப் பட்டை தீட்டி, மேலே ஒரு விளக்கும் போட்டிருக்கிறோம். இது முழுமையான தீர்வு அன்று. தரைக்கு ஓடு பதிக்க எண்ணுவோர் படியைக் கருத்தில் கொண்டு முதலிலேயே அளவெடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகக் கட்டுவோர் இந்த இடரையும் தவிர்க்கலாம், செங்குத்தையும் தவிர்க்கலாம். இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருப்புகளுக்குச் சொல்வது: படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு, அதாவது ஏழரை அங்குலத்திற்கு மிகாமலும், மிதிக்கும் அகலம் 250 மில்லிமீட்டருக்கு, அதாவது பத்து அங்குலத்திற்குக் குறையாமலும் இருக்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிளோண்டெல் மனிதரின் நடையை அளந்து ஒரு கணக்குச் சொன்னார். உயரத்தை இருமடங்காக்கி அகலத்தைக் கூட்டினால் ஓர் எட்டின் நீளம், ஏறத்தாழ 25 அங்குலம், வர வேண்டும். ஏழரையை இருமடங்காக்கிப் பத்தைக் கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். தளத்திலிருந்து தளத்திற்குப் பத்தடி, அதாவது 120 அங்குலம் என்றால், ஏழரை அங்குலமாக 16 ஏற்றங்கள். கடைசி ஏற்றம் மாடித் தரையிலேயே முடிவதால் மிதிபலகைகள் 15. அவற்றுக்கு 150 அங்குலம், பன்னிரண்டரை அடி நீளம் கூடத்தில் வேண்டும். அந்த நீளம் இல்லாத பழைய வீடுகளில்தான் நம் முன்னோர் படியை ஏணிபோல் நிறுத்தினார்கள். இடம் இல்லையெனில் நடுவில் ஒரு தளம் அமைத்துத் திருப்புங்கள், செங்குத்தாக்காதீர்கள். இடுப்பில் குழந்தையும் கையில் சாப்பாட்டுத் தட்டுமாக, துப்பட்டி காலில் தடுக்க, நாளைக்குப் பத்து முறை ஏறி இறங்குபவர்கள் நம் வீட்டுப் பெண்கள். அளவெடுக்கும் நாளில் அவர்களையும் அழைத்து ஒரு சொல் கேளுங்கள்.

கைப்பிடி மூன்றடி உயரத்தில், இயன்றால் இருபுறமும் இருக்கட்டும். கம்பிகளுக்கு இடையே நான்கு அங்குலத்திற்கு மேல் இடைவெளி விட்டால் குழந்தையின் தலை நுழைந்துவிடும். 'நான் என்ன கிழவனா, பிடித்துக்கொண்டு இறங்க?' என்று கேட்கும் ஆடவர்களுக்கு ஒரு செய்தி. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் துணைவியரை விட்டு ஒரு மாதம் விலகி மேலறை ஒன்றில் தங்கியிருந்தபோது, அதற்கு ஏறும் வழி படி செதுக்கிய ஒரு பேரீச்ச மரத்தண்டுதான். அந்நாள்கள் முடிந்து இறங்கியதை உமர் (ரலி) அவர்களே கூறுவது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அண்ணலார் (ஸல்) அவர்கள் மரத்தைக் கையால் தொடாமல் தரையில் நடப்பதுபோல் இறங்கினார்கள். உமரோ அத்தண்டைப் பற்றிக்கொண்டே இறங்கினார்கள். உமர் பற்றிக்கொண்ட ஒன்றை நாம் பற்றிக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை.

மரத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் ஆசாரியார் நிறுத்தமாட்டார், நான் சுருக்குகிறேன். தேக்கின் வைரப் பகுதிக்கு நிகரில்லை. வேங்கையும் நன்று. எம்மரமாயினும் வெளிறிய ஓரப் பகுதியை ஒதுக்கிவிட வேண்டும். கரையான் முதலில் தேடுவது அதைத்தான். வெளிப்புறம் வைரமானதையும் உட்புறம் வைரமானதையும் தொல்காப்பியரே பிரித்துச் சொல்லியிருப்பது கல்லூரியில் படித்தபோது வெறும் மனப்பாடமாக இருந்தது. பனஞ்சட்டத்தையும் தேக்குச் சட்டத்தையும் ஆசாரியார் அருகருகே வைத்துக் காட்டியபோதுதான் பொருள் விளங்கிற்று. நபிகளாரின் மிம்பர்கூட மூன்று படிகள் கொண்ட மர வேலைதான். 'காபா' என்னும் இடத்து 'அஸ்ல்' மரத்தில் அதைச் செய்தவர் ஓர் அன்ஸாரிப் பெண்மணியின் ஊழியரான தச்சர். பெரிய விலைமரம் அன்று. ஆனால் தொழில் தெரிந்த கை.

புதுமரத்தை விடப் பழைய வீட்டு மரமே படிக்கு ஏற்றது என்பேன். சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்திருக்கும். காரைக்குடியில் பழைய வீடுகளின் உத்தரங்களும் நிலைகளும் விற்கும் கடைகளில் தேடினால் கிடைக்கும். உள்ளே ஒடிந்த ஆணி கிடக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள். மிதிபலகை ஒன்றரை அங்குலக் கனம் இருந்தால் மூன்றடி அகலத்திற்கு வளையாது. சட்டத்தின் அடி மண்ணிலோ ஈரத்தரையிலோ படக்கூடாது. ஒரு கருங்கல்லின்மேல், இடையில் தடித்த ரப்பர்த் துண்டு வைத்து நிறுத்துங்கள். சுவரை ஒட்டிய சட்டத்திற்கும் சுவருக்கும் இடையே அங்கங்கே அதேபோல் ரப்பர் வைத்தால், காலடியின் அதிர்வு சுவர்வழியே பக்கத்து அறைக்குப் போவது குறையும்.

கண்ணாடிபோல் பளபளக்கும் வார்னிஷ் படிக்கு ஆகாது. வுளூச் செய்த ஈரக்காலோடு ஏறுகிறவர்கள் நாம். ஆளிவிதை எண்ணெய் தேய்த்து, முன்விளிம்பில் இரண்டு மூன்று கோடுகள் செதுக்கிவிட்டால் கால் பிடித்துக்கொள்ளும். படியின் கீழே கால் துடைக்க ஒரு தடித்த துணியும் வையுங்கள். சிலர் அழகுக்காகப் படியில் பத்தமடைப் பாயை வெட்டிப் போடுகிறார்கள். அக்கைத்திறனுக்கு நான் அடிமை. ஆயினும் படியில் அது வழுக்கும். தென்னைநார் விரிப்பை நன்கு பொருத்திப் போடலாம். பொருத்தாத எந்த விரிப்பும் வெறும் பலகையை விடக் கேடு.

எங்கள் வீட்டு வேலை மாசி மாதத்தில் முடிந்தது. மழையின் ஈரம் வற்றி, கோடை முற்றாத அக்காலமே இதற்குத் தகுந்தது. அன்றிரவு நான் மூன்று மணிக்குமேல் இறங்கினேன். நான்கு மௌனம், மூன்று மௌனம். உம்மாவின் அறையில் சீரான மூச்சொலி கேட்டது. அன்று தொழுத தொழுகையைப் பற்றி இங்கு எழுதுவது தகாது.

ஒரு வாரம் கழித்து உம்மா ஒரு குறை சொன்னார்கள். "பேரன் வந்துவிட்டானா இல்லையா என்றே தெரியவில்லையே. முன்பு ஏழாம் படி சொல்லிவிடும்." நான் இதை எதிர்பார்க்கவில்லை. உறக்கத்தைக் கெடுத்த அதே ஓசைதான் அவர்களுக்கு நெஞ்சு நிம்மதியும் தந்திருக்கிறது. மகனை அழைத்து, மிக்தாத் (ரலி) அவர்கள் கூறும் செய்தியைச் சொன்னேன். பெருமானார் (ஸல்) அவர்கள் இரவில் வந்தால், உறங்குபவரை எழுப்பாமலும் விழித்திருப்பவர் செவியில் விழுமாறும் ஸலாம் சொல்வார்கள். இப்போது அவன் படியில் கால் வைக்குமுன் அந்த அறை வாயிலில் நின்று அப்படியொரு ஸலாம் சொல்கிறான். சில இரவுகளில் பதில் வருகிறது. சில இரவுகளில் வருவதில்லை.

ஐந்தாம் படி மட்டும் இந்தச் சித்திரை வெயிலில் மறுபடியும் மெல்ல முனகத் தொடங்கியிருக்கிறது. ஆசாரியாருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன்.